ஆயிரம் அடிக்குக் கீழே

மீன் வாங்கும்போது நாம் கேட்கிற கேள்விகள் எல்லாம் கையில் இருக்கும் அந்த ஒரு மீனின் உடம்போடு முடிந்துவிடுகின்றன. திண்டுக்கல்லில் கடல் மீன் என்பது ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கமிருந்து இரவோடிரவாக ஐஸ் பெட்டிகளில் வந்து சேர்வது. செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்க்கிறோம். வயிற்றை விரலால் அழுத்தி, விழுந்த பள்ளம் மேலெழுகிறதா என்று பார்க்கிறோம். “இன்னைக்கு வந்ததாண்ணே?” என்று கேட்டுவிட்டுக் கடைக்காரர் முகத்தைப் படிக்கிறோம். சீலா என்ன விலை, டேம் மீன் என்ன விலை என்று விசாரித்து, பையில் இருக்கும் பணத்துக்குத் தக்கபடி சாளைக்கோ ஜிலேபிக்கோ இறங்கிவருகிறோம். இந்த இனம் கடலில் இன்னும் எவ்வளவு இருக்கிறது, பெருகிக்கொள்ளும் அளவுக்கு மிச்சம் உண்டா என்ற கேள்வி அந்த இடத்தில் எழுவதே இல்லை. எழுந்தாலும் கடைக்காரரால் பதில் சொல்ல முடியாது. அவருக்குச் சரக்கு அனுப்பிய ஏலக்காரரால் முடியாது. வலையை இழுத்தவராலும் பாதிதான் முடியும். கொஞ்ச காலமாக இந்தக் கேட்கப்படாத கேள்வி என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது, அதிலும் ஆழ்கடல் மீன்களை நினைக்கும்போது. கண்ணெதிரே இருக்கும் ஒன்று அழிந்தால் அது துயரம். அதற்கு அழத் தெரியும் நமக்கு. கண்ணுக்கே படாத ஒன்று நலமாக இருக்கிறதா என்று எப்படி அறிகிறோம், அறிந்துவிட்டதாக எந்த இடத்தில் முடிவு செய்கிறோம், அந்த முடிவை நம்பி எவ்வளவு எடுக்கிறோம் என்பது வேறு வகைக் கலக்கம். கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், மலைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு இதை ஏன் நினைக்க வேண்டும் என்று எனக்கே தோன்றியதுண்டு. நினைக்க நினைக்க, இந்த ஊர்க்காரர்கள்தான் இதை முதலில் நினைக்க வேண்டியவர்கள் என்று படுகிறது.

ஏனென்றால் திண்டுக்கல் சமவெளி கெட்டிப் பாறையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆற்றுப்படுகையில் மணலுக்குள் பரவி நிற்பதுபோல் இங்கே நீர் நிற்பதில்லை. பாறையின் வெடிப்புகளிலும் இடுக்குகளிலும் ஒளிந்திருக்கிறது. கமலை இறைத்த காலத்தில் கிணற்றை எட்டிப்பார்த்து, எத்தனையாவது படியில் நீர் நிற்கிறது என்று சொல்லிவிட முடிந்தது. நீரின் நலம் ஊரார் கண்ணுக்குத் தெரிந்த விஷயமாக இருந்தது. கிணறுகள் வற்றி எல்லோரும் போர் போடத் தொடங்கியபின் அந்தப் பார்வை போய்விட்டது. ஆறரை இஞ்ச் துளைக்குள் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. மேலே வந்து விழும் நீரைப் பார்த்துக் கீழே இருப்பதை ஊகிக்கிறோம். “ரெண்டு இஞ்ச் ஓடுது” என்றால் நிலம் நன்றாக இருக்கிறது என்று பொருள். முந்நூறு அடியில் குறைந்தால் ஐந்நூறுக்குப் போகிறோம்; ஐந்நூறில் நின்றால் திருச்செங்கோட்டு ரிக் வண்டியை வரவழைத்து ஆயிரத்துக்குப் போகிறோம்; மோட்டாரின் குதிரைத்திறனைக் கூட்டுகிறோம். குழாய் வாயில் அதே இரண்டு இஞ்ச். வாயில் மாற்றம் இல்லாததால் கீழேயும் மாற்றம் இல்லை என்று மனம் எடுத்துக்கொள்கிறது. விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால், ஆழத்துக்குப் போகப் போகக் கூடும் செலவும் கண்ணில் படுவதில்லை. பிறகு ஏதோ ஒரு கோடையில் குழாய் காற்றைக் கக்குகிறது. அன்றைக்குத்தான் கணிப்பு முடிகிறது; அன்றைக்கு அதனால் பயனும் இல்லை. இந்த மாவட்டத்தில் பல பிர்காக்கள் நிலத்தடி நீர் அளவுக்கு மிஞ்சி உறிஞ்சப்பட்டவை என்று அரசுப் பட்டியலிலேயே இடம்பெற்றிருக்கின்றன. ஆழ்கடல் மீனின் கணக்கை இந்தத் துளையின் வாயிலிருந்துதான் நான் புரிந்துகொள்கிறேன். கொல்லத்துக்கு மேற்கே கடலடித் திட்டில் சிவந்த ஆழ்கடல் இறால் பிடிபடும் ஆழமும் ஏறத்தாழ இதே ஆயிரம் அடிதான்.

அந்த ஆழத்தில் வெளிச்சம் கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. கடலின் மேல் இருநூறு மீட்டருக்குள்தான் வெயிலை உண்டு வளரும் உயிர்கள் எல்லாம். அதற்குக் கீழே இருப்பவை மேலிருந்து உதிர்வதையும் ஒன்றையொன்றும் தின்று வாழ்கின்றன. குளிர் அதிகம், உணவு குறைவு, வளர்ச்சி மெதுவு. அங்கே எத்தனை மீன் இருக்கிறது என்று எண்ணுவதற்கு நமக்கு இரண்டு வழிகள்தான். ஒன்று, பிடிபட்டு வருவதைக் கரையில் நின்று எண்ணுவது. 1947இல் தொடங்கப்பட்டு, மண்டபத்தில் இயங்கிப் பின்னர் கொச்சிக்குப் போன மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பல பத்தாண்டுகளாக இதைச் செய்துவருகிறது. நாட்டின் கடற்கரை முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இறங்குதளங்களில் சிலவற்றை, மாதத்தில் சில நாட்களை, அந்த நாட்களில் வரும் படகுகளில் சிலவற்றை முறைப்படி தேர்ந்துகொண்டு, கணக்கெடுப்பவர்கள் விடியற்காலையில் போய் நிற்கிறார்கள். ஈரத் தரையில் கொட்டிய குவியலில் எது எந்த இனம், எவ்வளவு எடை, எந்த வலை, எத்தனை மணிநேரம் இழுத்தது என்று கேட்டுக் குறிக்கிறார்கள். சில மீன்களின் நீளத்தை அளக்கிறார்கள், வயிற்றைக் கீறிச் சினையைப் பார்க்கிறார்கள். 2024இல் இந்தியக் கடற்கரையில் இறங்கிய மீன் 34.7 லட்சம் டன், அதில் தமிழ்நாட்டின் பங்கு 6.79 லட்சம் டன் என்று நாம் செய்தித்தாளில் படிக்கும் எண் அப்படிப்பட்ட கைகளிலிருந்து வருகிறது. இன்னொரு வழி, கடலுக்கே போய் வலை விட்டுப் பார்ப்பது. 1946இல் ஆழ்கடல் மீன்பிடி நிலையமாகத் தொடங்கி இன்று பிஷரி சர்வே ஆஃப் இந்தியா என்ற பெயரில் இருக்கும் அமைப்பின் ‘மத்ஸ்ய’ வரிசைக் கப்பல்கள் அதைச் செய்கின்றன. அறுபதுகளில் இந்தோ-நார்வே திட்டத்தின் ‘வருணா’ கப்பலும், எண்பதுகளிலிருந்து ‘சாகர் சம்பதா’வும் தென்மேற்குக் கடலின் சரிவுகளைத் துழாவியிருக்கின்றன. வலையின் வாயகலம் தெரியும், இழுத்த தூரம் தெரியும், வந்த எடை தெரியும். அதிலிருந்து ஒரு சதுர கிலோமீட்டரில் இவ்வளவு மீன் என்று பெருக்குகிறார்கள்.

இந்தப் பெருக்கலுக்குள்தான் என் மனம் சிக்கிக்கொள்கிறது. வலை கடந்துபோன இடத்தில் இருந்த மீன்களில் எத்தனை பங்கு வலைக்குள் வந்தது? சில மீன்கள் சத்தம் கேட்டு விலகும், சில கலங்கிய சேற்றில் திகைத்து வாய்க்குள்ளேயே ஓடும், சில பாறை இடுக்கை விட்டு வெளியே வரவே வராது. யாரும் பிடிக்காவிட்டாலும் ஆண்டுக்கு எத்தனை மீன் தானாகச் சாகும்? இந்த ஒற்றை எண் மாறினால் விடை முழுவதும் மாறிவிடும். ஆனால் பெரும்பாலான இனங்களுக்கு அதை நேராக அளக்க வழியில்லை. வயதையும் வளர்ச்சியையும் வைத்து ஊகிக்கிறார்கள். வயதை எப்படி அறிவது? மீனின் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லை வைத்து. கத்தாளை மீனின் தலையைச் சுவைக்கும்போது பல்லில் தட்டுப்படுமே, அந்த வெள்ளைக் கல். அதைத் தேய்த்து மெலிதாக்கி நுண்ணோக்கியில் வைத்தால் வளையங்கள் தெரியும். குளிரும் வெயிலும் மாறி மாறி வரும் கடல்களில் வளையங்கள் தெளிவாக விழும். நம் வெப்பக் கடல்களில் மங்கலாகத்தான் விழும். ஆகவே இங்கே பெரும்பாலும் நீளத்தை அளந்து வயதை ஊகிக்கும் வழி. சுறாவுக்கோ செவிக்கல்லே இப்படிக் கல்லாக இருப்பதில்லை. முதுகெலும்பின் வெட்டிலோ துடுப்பு முள்ளிலோ தேட வேண்டும். ஊகத்தின்மேல் ஊகம் என்று சொல்லி இதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. இத்தனை இருட்டுக்குள் இத்தனை தூரம் நேர்மையாகத் துழாவிப் போயிருக்கிறார்களே என்ற மரியாதைதான் எனக்கு மேலோங்குகிறது. என் கலக்கம் அந்த எண் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்தபின் அதற்கு நேர்வதைப் பற்றியது. ஆய்வாளரின் பக்கத்தில் ‘இதற்கும் இதற்கும் இடையில்’ என்று இருந்தது, அமைச்சகத்தின் பக்கத்துக்கு வரும்போது ஒற்றை எண்ணாகி, கூட்டத்தில் பேசப்படும்போது உறுதிமொழியாகிவிடுகிறது.

பிடிபடுவது குறையாமல் இருப்பதே ஆபத்தை மறைக்கும் என்பதை உலகம் கனடாவின் கிழக்குக் கரையில் பெரும் விலை கொடுத்துக் கற்றது. நியூஃபவுண்ட்லாந்தின் காட் மீன் ஐந்நூறு ஆண்டுகள் ஐரோப்பாவுக்குச் சோறு போட்டது. எண்பதுகளில் கரையோரச் சிறு படகுக்காரர்கள் மீன் குறைகிறது, சிறுத்தும் போகிறது என்று முறையிட்டார்கள். வெளிக்கடலில் ஓடிய பெரிய இழுவைக் கப்பல்களுக்கோ ஒரு மணிநேர இழுப்புக்குக் கிடைக்கும் மீன் குறையவில்லை. அந்தப் பெரிய கப்பல்களின் கணக்கு அன்றைய மதிப்பீட்டில் அதிக எடை பெற்றது. உண்மையில் எஞ்சிய மீன்கள் ஒன்றாகக் கூடி நின்றன. கூடி நின்ற இடத்தைக் கருவிகள் கண்டுபிடித்துக் கொடுத்தன. கடைசிக் கூட்டம் வரை வலை நிறைந்தே வந்தது. 1992 ஜூலையில் மீன்பிடிப்பை நிறுத்தியபோது முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு என்று சொல்லி மூடியது. மீண்டும் வணிக அளவில் திறக்க 2024 ஆயிற்று. கரையில் நின்றவர்கள் சொன்னது சரியாக இருந்தது என்பதும், எண்ணாக மாறாத அவர்கள் பேச்சுக்கு அன்று இடம் கிடைக்கவில்லை என்பதும் அந்தக் கதையில் எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி. நம் கரையிலும் வலை கனமாக இருக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. எவ்வளவு தூரம் போய், எத்தனை நாள் கூடுதலாகக் கிடந்து, எத்தனை லிட்டர் டீசல் எரித்து அந்தக் கனம் வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. வரி நீக்கிய டீசல் விசைப்படகுக்காரரின் பிழைப்புக்கு வேண்டியதுதான். ஆனால் அதுவும் இலவச மின்சாரம்போல ஆழத்தின் உண்மை விலையை யார் கண்ணிலும் படாமல் செய்துவிடுகிறது.

காட் மீன் கூட வேகமாக வளரும் சாதி என்றே சொல்ல வேண்டும். ஆழத்து மீனின் காலம் வேறு. நியூசிலாந்தைச் சுற்றிய கடலடி மலைகளில் ஆரஞ்சு ரஃபி என்றொரு செந்நிற மீன் இருக்கிறது. எழுபதுகளின் இறுதியில் அதைப் பெருமளவில் பிடிக்கத் தொடங்கினார்கள். இனப்பெருக்கத்துக்காக அது கூட்டம் கூட்டமாக ஒரே மலை முகட்டில் சேரும். சில நிமிட இழுப்பில் வலை கிழியும் அளவுக்கு வரும். அப்படி வந்ததைப் பார்த்தவர்கள் அது வற்றாத வளம் என்று நம்பியதில் வியப்பில்லை. அதன் வயது அப்போது சரியாகத் தெரியாது. பின்னர் செவிக்கல்லில் உள்ள கதிரியக்கத்தை அளந்து பார்த்தபோது, அது நூறு ஆண்டுகளைத் தாண்டி வாழும் மீன் என்பது வெளிப்பட்டது. இன்றைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலும் வாழும் என்று கணிக்கிறார்கள். முட்டையிடும் பருவத்துக்கு வரவே இருபது, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதாவது தட்டில் வைத்த துண்டு, உண்பவரின் பாட்டனாருக்கு மூத்த உயிருடையதாக இருந்திருக்கலாம். நியூசிலாந்தின் சாலஞ்சர் பீடபூமியில் 2000இல் அதைப் பிடிப்பதை முற்றாக நிறுத்த வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியா 2006இல் அதைப் பாதுகாக்கப்பட வேண்டிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது. இந்த வரலாற்றில் யாரும் பொய் சொல்லவில்லை. வயது தெரிவதற்கு முன்பே எடுக்கத் தொடங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆழத்தில் எப்போதும் மீன்பிடிப்பும் அறிவியலும் ஒரே நாளில்தான் இறங்குகின்றன, பெரும்பாலும் மீன்பிடிப்பு ஒரு படி முன்னால். முதல் சில ஆண்டுகளில் மேலே வருவது நூறாண்டாகச் சேர்ந்து நின்றது. பாறை இடுக்கில் பல மழைக்காலங்களாகத் தேங்கிய நீர் முதல் வாரத்தில் பீறிட்டு வருவதுபோல. அந்தப் பீறிடலை ஆண்டுதோறும் ஊறும் அளவு என்று வாசித்துவிட்டால் அதற்குப் பின் போடும் கணக்கு எதுவும் நேராவதில்லை.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு கதை உண்டு, அதில் தமிழர்களே நடுவில் இருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அடுத்தடுத்து நெருங்கிக் கிடக்கும் ஊர்கள், இந்தியாவின் மிகச் சிறந்த ஆழ்கடல் மீனவர்களைத் தந்தவை. சுறா பிடிப்பதில் அவர்களுக்கு இணை இல்லை. லட்சத்தீவுக்கு அப்பாலும் ஒரு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து, தூண்டிலிலும் வழிவலையிலும் பிழைக்கிறவர்கள். 2000களின் தொடக்கத்தில் தென்மேற்குக் கடலின் சரிவில், நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் வாழும் சிறிய சுறாக்களை ஈரலுக்காகப் பிடிப்பது தொடங்கியது. பச்சைக் கண்கள் கொண்ட, சாம்பல் நிற, செண்ட்ரோஃபோரஸ் இனத்துச் சுறாக்கள். மிதப்பதற்காக அவற்றின் ஈரல் உடம்பின் கணிசமான பங்கை அடைத்துக்கொண்டு எண்ணெயால் நிறைந்திருக்கும். அந்த எண்ணெயின் ஸ்குவாலீன் அழகுப் பொருட்களுக்கும் மருந்துகளுக்கும் போகிறது. இந்தச் சுறாக்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு குட்டிகளே போடும். சினைக்காலமே இரண்டு ஆண்டுகள் அளவுக்கு நீளும். பக்கத்திலேயே மாலத்தீவு இதே சுறாக்களை 1980 முதல் பிடித்து, இரண்டு பத்தாண்டுகளில் அந்தத் தொழில் சரிந்ததைக் கண்டு, 2010இல் சுறா பிடிப்பையே தடை செய்த நாடு. ஆழ்கடல் சுறா, திருக்கை இனங்களில் ஏழில் ஒன்று அழிவின் விளிம்பை நோக்கி இருக்கிறது என்று 2024இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு பன்னாட்டு ஆய்வு வந்தது. 2025 இறுதியில் சமர்கண்டில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் மாநாடு இந்தச் சுறாக் குடும்பத்தைத் தன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. இனி இவற்றின் பொருட்களை ஏற்றுமதி செய்ய, அந்த வணிகம் இனத்தின் இருப்புக்குக் கேடு செய்யாது என்று ஒரு நாட்டின் அறிவியல் அமைப்பு சான்று தர வேண்டும். கேடு செய்யாது என்று சொல்ல எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதே கிணற்றடிக்கு மறுபடி வந்துவிடுகிறோம். தூத்தூர்ப் படகுகள் பிடிப்பதில் பெரும்பகுதி கொச்சித் துறைமுகத்தில் இறங்குகிறது. இறங்கிய இடத்தின் கணக்கில்தான் ஏறுகிறது. பிடித்தவர் தமிழர், கணக்கு கேரளத்துடையது, சுறாவோ எந்த எல்லைக்கும் உட்படாமல் சரிவு நெடுக நீந்துவது. எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடியும் கூட்டத்தை நாம் ஒன்றாக எண்ண வேண்டும் என்பதே இன்னும் தெளிவாகாத கேள்வி.

இந்த நிலையில்தான் ஆழ்கடல் என்ற சொல் ஒரு வாக்குறுதியாக ஒலிக்கத் தொடங்கியிருக்கிறது. பாக் நீரிணையில் இழுவைப்படகுகள் நெருக்கியடித்து, இலங்கைத் தமிழ் மீனவர்களின் வலைகளை அறுத்து, இரண்டு கரையிலும் சிறைக்கும் சாவுக்கும் காரணமாகிவிட்ட ஒரு சிக்கலுக்குத் தீர்வாக 2017இல் ஒரு திட்டம் வந்தது. இழுவைப்படகை ஒப்படைத்தால், ஏறத்தாழ 80 லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஆழ்கடல் சூரைப் படகுக்கு எழுபது விழுக்காடு மானியம். மூன்று ஆண்டுகளில் இரண்டாயிரம் படகுகளை மாற்றுவது இலக்கு. அந்த நோக்கத்தில் எனக்கு மறுப்பு இல்லை. ராமநாதபுரத்துக் கரையில் நாளும் நடக்கிற துயரத்தை அறிந்த யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. ஆனாலும் ஒரு கடலில் நெருக்கடி முற்றியதும் இன்னும் ஆழமான இடத்தைக் கைகாட்டுவது எனக்குப் பழக்கமான ஒரு அசைவாகத் தெரிகிறது. நம் பொருளாதாரக் கடல் எல்லைக்குள் ஆண்டுக்கு எடுக்கக்கூடிய மீன் 44.1 லட்சம் டன் என்று 2011இல் ஒரு நிபுணர் குழு சொன்னது. 2018இல் இன்னொரு குழு 53.1 லட்சம் டன் என்றது. கடல் அதே கடல். முறைகள் மாறின, தரவு கூடியது. அவற்றுக்கு நியாயமான காரணங்கள் உண்டு. எனக்கு உறுத்துவது, அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள ஒன்பது லட்சம் டன்னை ‘இன்னும் எடுக்கப்படாதது’ என்று பேசும் தொனி. எடுக்கப்படாதது என்ற சொல் அங்கே இருப்பதற்கு ஒரு வேலையும் இல்லை, நமக்காகக் காத்திருப்பது மட்டுமே வேலை என்று எண்ண வைக்கிறது. இரவில் மேலே ஏறிவந்து சூரைக்கும் கணவாய்க்கும் இரையாகி, பகலில் ஆழத்துக்குத் திரும்பும் விளக்கு மீன்களையும் இதே சொல்லால்தான் பேசுகிறார்கள். அவை ஏற்கெனவே எடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன, வேறு வாய்களால்.

மறுபக்கத்தையும் நான் நினைத்துப் பார்க்காமல் இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2022ஆம் ஆண்டுக்கு 135 மீன் கூட்டங்களை மதிப்பிட்டு, 91.1 விழுக்காடு நலமாக இருப்பதாகச் சொன்னது. உலகின் பல கடல்களோடு ஒப்பிட்டால் இது மகிழ வேண்டிய செய்தி. நம் வெப்பக் கடல்களின் மீன்கள் பெரும்பாலும் வேகமாக வளர்ந்து, சீக்கிரம் பெருகி, சீக்கிரம் மீள்பவை என்பதும் உண்மை. அந்த எண்ணைச் சந்தேகிக்க எனக்குத் தகுதியில்லை, விருப்பமும் இல்லை. நான் கேட்பது, அதன் வெளிச்சம் எந்த ஆழம் வரை விழுகிறது என்பதை மட்டும். அதிகம் பிடித்து அதிகம் எண்ணிய இனங்களைப் பற்றி அது உறுதியாகப் பேசுகிறது. அரிதாகப் பிடிபட்டு, குவியலின் அடியில் கிடந்து, பெயர்கூட ஒழுங்காக எழுதப்படாமல் போகும் ஆழத்து மீன்களுக்கு அந்த நற்சான்று நீள்வதில்லை. ஆனால் வாசிக்கும் நாம் அதை அங்கேயும் நீட்டிவிடுகிறோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எச்சரிக்கை என்ற பெயரில் மூடும் ஒவ்வொரு கடலும் ஒரு குடும்பத்தின் உலையை அணைக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் தூத்தூர் ஊர்களில் எத்தனை வீட்டைத் தலைமகன் இல்லாமல் ஆக்கியது என்பதை நினைத்தால், பாதுகாப்பான சமவெளியிலிருந்து கொண்டு அவர்களைப் பார்த்து நிறுத்துங்கள் என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. இந்த இரண்டு நியாயங்களில் ஒன்றை விட்டுக்கொடுத்து மற்றொன்றுக்கு வர என்னால் முடியவில்லை. இரண்டையும் சேர்த்தே சுமக்கும் வழி ஒன்று இருக்க வேண்டும்.

நத்தம் பக்கத்துக் கண்மாய்களில் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவை எண்ணிப் பார்க்கிறேன். நீர் வற்றி முழங்கால் அளவுக்கு வந்தபின், ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் சுற்றுப்பட்ட ஊர்களெல்லாம் கச்சாவும் வலையும் கூடையுமாக இறங்கிவிடும். கெண்டை, விரால், கெளுத்தி என்று கிடைத்ததை எல்லாம் அள்ளுவார்கள். சேறு மணக்கும். இருப்பதைத் துடைத்து எடுப்பதில் அங்கே தவறே இல்லை. எப்படியும் இன்னும் சில வாரத்தில் நீர் இருக்காது, மழை வந்தால் மீனும் வரும். எவ்வளவு இருந்தது என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதுவரை அந்த ஊர் பிடிக்காமல் காத்திருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. துண்டு விழுவதற்கு முன் ஒருவரும் இறங்குவதில்லை. ஆழ்கடலுக்கு அடி தெரியும் நாள் என்று ஒன்று கிடையாது. துண்டு வீசும் பெரியவரும் இல்லை. நாம் அதை எடுத்துக்கொண்டிருக்கும் வழிகளும் நமக்கே தெரியாதவை. இழுவை வலையின் அடியில் சேரும் கழிவு மீனாகிய கழசல் உலர்ந்து கோழித் தீவனமாகிறது. திண்டுக்கல்லில் மீனே தொடாத ஒரு வீட்டின் முட்டைக்குள்ளும் கடலின் ஒரு துளி இருக்கிறது. கடலோரத்தார் மட்டும் கடலை உண்கிறார்கள் என்று நாம் எண்ணியிருப்பது சரியல்ல.

தமிழ்நாட்டில் 2001 முதல் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. 2017இல் அது 45 நாட்களிலிருந்து 61 நாட்களாயிற்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த இரண்டு மாதத்துக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. மீன் விலை ஏறி நாமும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறோம். கடல் ஓய்வெடுப்பதற்கான செலவை ஒரு சமூகமாகப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு நம்மிடம் ஏற்கெனவே உண்டு என்பதற்கு இது சான்று. கரையோரத்து மீன்களின் காலத்துக்கு ஏற்ப வகுத்த ஏற்பாடு அது. சினைக்காலமே இரண்டு ஆண்டு நீளும் சுறாவுக்கு 61 நாள் ஓய்வால் ஒன்றும் ஆவதில்லை. ஆழத்து உயிர்களுக்கு அவற்றின் காலத்துக்கு ஏற்ற வேறொரு கணக்கு வேண்டும்: வயதும் பெருக்கமும் தெரியும்வரை படகையும் தூண்டிலையும் கூட்டாமல் இருப்பது, மானியம் கொடுத்து ஆழத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு படகுக்கும், அது கொண்டுவருவதை இனம் பிரித்து எண்ணும் ஒருவரைக் கரையில் நிறுத்துவது, மதிப்பீட்டை வெளியிடும்போது அதன் ஐயத்தையும் அதே எழுத்தளவில் அச்சிடுவது, தூத்தூர்க்காரர் ‘முன்னைப்போல இல்லை’ என்று சொல்வதை எண்ணாக மாறும் வரை காத்திராமல் எண்ணோடு சேர்த்து வைப்பது. இவற்றுக்கெல்லாம் பணம் ஆகும், தாமதம் ஆகும், அந்தத் தாமதத்தில் சில படகுகள் கரையில் நிற்கும். அந்தச் சுமை முழுவதையும் கடற்கரையின் தலையில் ஏற்றிவிட்டு மீனை மட்டும் இங்கே வரவழைத்துக்கொள்ளும் உரிமை சமவெளிக்கு இல்லை. கண்ணுக்குத் தெரியாத நீரை வாயில் விழும் அளவை வைத்துக் கணித்து இழந்தவர்கள் நாம். கீழே இருப்பதை அறிவதற்கு ஆகும் செலவு, அதை எடுப்பதற்கு ஆகும் செலவின் ஒரு பகுதிதான் என்று இந்த நாட்டில் யாராவது முதலில் சொல்ல வேண்டுமென்றால், அதைச் சொல்லும் அனுபவம் திண்டுக்கல்லுக்கு இருக்கிறது. மீனுக்கு நாம் கொடுக்கும் விலையில் அந்தப் பகுதியும் சேரட்டும் என்று கேட்கிறேன்.